ஏலக்கூடத்தில் ஒரு ஞாயிறு

சாவி என்னிடம் இருந்தது.
விகோ துறைமுகத்து மீன் ஏலக்கூடத்தை
அதிகாலை நாலரைக்குத் திறக்க வேண்டும்,
முடியும்வரை கூடவே இருக்க வேண்டும்,
இரட்டைச் சம்பளம் என்றார்கள்.
எதற்கென்று நான் கேட்கவில்லை.

சனிக்கிழமையே மூன்று முறை
குழாயடித்துக் கழுவியாயிற்று,
மூன்றாவது முறை பிளீச்சிங் போட்டு.
மீன் போகும். வாடை போகாது.
இருபத்தொரு வருடமாகப் பார்க்கிறேன்.

வந்தவர்கள் கோட்டும் குடையுமாக
திருப்பலிக்கு நேரமாகாதவர்கள்போல நின்றார்கள்.
ஆளுக்கொரு பை, பைக்கொரு எண்.
ஏணிமேலிருந்து ஓடில் என்கிற பிரெஞ்சுக்காரி
ஒலிபெருக்கியில் நீளமாக எதையோ சொல்ல
பிரைஸ் என்கிற பையன்
எங்கள் மொழியில் ஒரே சொல்லாகச் சொன்னான்:
"இப்போது."

ஆயிரத்து நூற்று நாற்பது பேர்
ஒரே நேரத்தில் உடை களையும் சத்தம்
கேட்டிருக்கிறீர்களா?
ஈர வலையைத் தளத்தில்
இழுத்துப் போடுவதுபோல இருக்கும்.
அப்புறம் யாரும் யாரையும் பார்க்காத ஒரு நிமிடம்.
யாரோ தும்மினார்கள்.
கூடமே சிரித்தது.

ஆள் பாதி ஆடை பாதி என்றால்
அங்கே நின்றது ஆயிரத்துச் சொச்சம் அரை ஆட்கள்.
முழு ஆள் நான் ஒருத்திதான்:
ரப்பர் பூட்ஸ், மஞ்சள் ஏப்ரன், தலையில் வலைத்தொப்பி.
வெட்கம் எனக்குத்தான் வந்தது.

ஆனாலும் என் கண் எடைபோடுகிற கண்,
அது பாட்டுக்குப் போட்டது.
இவர் தொண்ணூற்றிரண்டு கிலோ.
அந்தத் தம்பி எலும்பு நீக்கினால் நாற்பது தேறாது.
சிசேரியன் தழும்புகள், கழுத்துவரை மட்டும் கறுத்த
கட்டடத் தொழிலாளிகள்,
தூணில் சாய்த்து வைத்த ஒரு செயற்கைக் கால்.
நாலாவது வரிசையில்
செவெரினோ லாமாஸ்.
நவம்பரில் என் கடன் விண்ணப்பத்தைத் திருப்பிக்கொடுத்தவர்.
கோப்பைப் பிடிக்கிற அதே பிடி முன்னால்.
கோப்பு இல்லை.

தரையில் படுக்கச் சொன்னார்கள்.
ஒருக்களித்து, ஒருவர் முதுகுக்கு ஒருவர் முகம்.
இருநூறு பேருக்கு இடமில்லை.
மிச்சம் பேர் வெளியே போகலாம் என்றான் பிரைஸ்.
உதடு நீலம் பாரித்த ஒரு பெண்
அழ ஆரம்பித்தாள்.

என்னால் பொறுக்க முடியவில்லை.
"தலை வால், தலை வால்" என்றேன்.
"மத்தியை அப்படித்தான் பெட்டியில் அடுக்குவோம்."
ஓடில் ஏணியிலிருந்து
முதல்முறையாக என்னைப் பார்த்தாள்.
அடுக்கிக் காட்டு என்பதுபோல் கையை விரித்தாள்.

நடந்தேன், வரிசை வரிசையாக.
நீங்கள் திரும்புங்கள். உங்கள் கால் அவர் தலைப்பக்கம்.
தோளைக் கொஞ்சம் உள்ளே. அவ்வளவுதான்.
செவெரினோவுக்குப் புரியவில்லை.
கணுக்காலைப் பிடித்துத் திருப்பினேன்.
ஐஸ்.
"நன்றி, சபேலா" என்றார்.
பெயர் தெரிந்திருக்கிறது.

எல்லோரும் அடங்கினார்கள்.
மூன்று பெட்டிக்கு இடம்கூட மிஞ்சியது.
கடல்பக்கக் கதவு வழியாக வெளிச்சம்
முதலில் பாதங்களைத் தொட்டது,
பிறகு பின்னந்தலைகளை, மறுபடி பாதங்களை.
பதினோரு நிமிடம்.
கூரையில் கடற்காக்கைகள் நடப்பது கேட்டது.
அந்தக் கூடத்தில் அத்தனை உடல் கிடந்து
யாரும் விலை சொல்லாததை
அன்றுதான் பார்த்தேன்.

கதவைப் பூட்டிவிட்டுப் பேருந்து ஏறினேன்.
எப்போதும் என் பக்கத்து இருக்கை காலி.
ஜன்னலைத் திறந்துவைப்பேன், கேட்காமலே.
இன்றைக்கு வண்டி நிறைய அவர்கள்.
தலைசீவி, பொத்தான் மாறிப்போட்டு, நடுங்கிக்கொண்டு.
முன்னிருக்கைப் பெண் தன் மணிக்கட்டை முகர்ந்தாள்,
மறுபடி முகர்ந்தாள்.
பெரிய மனிதர் ஒருவர் கோட்டுக் காலருக்குள் மூக்கை விட்டார்.
கணவாய், கானாங்கெளுத்தி, பிளீச்சிங்.
யார் என்று தேடி யாரும் திரும்பவில்லை.

ஒரு பையன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்,
தொடை இடிக்க.

என் நிறுத்தம் வந்தது.
இன்னும் இரண்டு நிறுத்தம்
இறங்காமல் போனேன்.